பிரேக் அக்காவின் இன்னொரு வீட்டுக்காரர்

பள்ளி வேன் ஓட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வேகத்தடையைப் பார்த்த பிறகு பிரேக்கை மிதிக்கிறவர்கள் ஒரு ரகம். வேகத்தடை இருக்கிற தெருவுக்குள் திரும்பும்போதே பிரேக்கில் காலை வைத்துவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்தக் கதைக்கு உரியவள் இரண்டாவது ரகத்துக்கே தலைவி. வேனில் வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. ஐம்பதைத் தாண்டியவளை அக்கா என்று கூப்பிட்டது பிள்ளைகளின் பெருந்தன்மை. அவளும் அதைத் திருத்தவில்லை. யார்தான் திருத்துவார்கள்?

வேனை முதலில் ஓட்டியவர் அவளுடைய வீட்டுக்காரர். அவருக்கு முதுகெலும்பு தேய்ந்துபோய், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேனை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து சீட்டில் தலையணையை முட்டுக்கொடுத்து அவரை உட்கார வைத்து, அவரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டாள். புருஷன் பெண்டாட்டிக்கு வண்டி கற்றுக்கொடுத்து இரண்டு பேரும் அதே வீட்டில் தொடர்ந்து குடியிருப்பது லேசான காரியமில்லை. அவர்கள் குடியிருந்தார்கள். இப்போது அவள் ஓட்டுகிறாள், அவர் சமைக்கிறார். அவர் சமையல் அவளுடையதைவிட ஒரு படி மேல்தான். அதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

காலையில் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் இறக்கிவிட்டால், மழலை வகுப்பு விடும் மதியம் வரை அவளுக்கு வேலை இல்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவது டீசலுக்குப் பிடித்த கேடு. அதனால் பள்ளியைத் தாண்டி, பாலத்தை அடுத்த வளைவில், ஒரு பெரிய மரத்தின் நிழலில் வேனை நிறுத்திக்கொள்வாள். எதிரே ஒரு பஞ்சர் கடை. பக்கத்தில் ஏதோ குடோனின் நீளமான சுவர். கடைக் குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வேனைக் கழுவுவாள். கண்ணாடியைத் துடைப்பாள். சீட்டுக்கு அடியில் கிடக்கும் பென்சில், ரிப்பன், பாதி தின்ற பிஸ்கட் எல்லாவற்றையும் பொறுக்கிப் போடுவாள். அதற்குப் பிறகும் பொழுது மிச்சமிருக்கும். வாளியில் கொஞ்சம் தண்ணீரும் மிச்சமிருக்கும்.

அந்த மிச்சத் தண்ணீரில்தான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது. மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. பாதியைப் புதர் மூடியிருந்தது, மீதியைப் பறவைகள் பார்த்துக்கொண்டன. வாளியைக் கவிழ்க்க ஓர் இடம் வேண்டுமே என்று ஒருநாள் அதன் தலையில் கவிழ்த்தாள். அழுக்கு வழிந்து போன இடத்தில் ஓர் எழுத்து தெரிந்தது. எழுத்தைப் பார்த்துவிட்டால் மனிதர்களுக்குச் சும்மா இருக்க முடியாது. மறுநாள் ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து தேய்த்தாள். ஓர் ஆணின் பெயர். பிறந்த தேதி, இறந்த தேதி. கணக்குப் போட்டால் நாற்பத்து நான்கு வயது. இங்கே, இந்த வளைவில் அடிபட்டு இறந்தவர் என்பதைத் தவிர வேறு எதுவும் கல்லில் இல்லை. பஞ்சர் கடைக்காரரைக் கேட்டாள். அவர் கடை போடுவதற்கு முன்னாலேயே கல் இருந்ததாம், யாரும் வந்து பார்த்ததே இல்லையாம்.

யாரும் வரவில்லை என்று கேட்டதும் அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. ரோட்டில் போகிறவனுக்கு அது கல். ரோட்டிலேயே பிழைக்கிறவளுக்கு அப்படி இல்லை. பிள்ளைகளை வீட்டில் விடப் போகும்போது தினமும் அந்த வளைவில் திரும்புகிறவள் அவள். புதரை வெட்டினாள். அன்று முதல் வேனுக்குக் குளியல் என்றால் கல்லுக்கும் குளியல்.

அவளுக்குத் தெரிந்த பராமரிப்பு வண்டிப் பராமரிப்புதான். அதனால் கல்லையும் வண்டி மாதிரியே பார்த்துக்கொண்டாள். டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷைக் கல்லுக்கும் போட்டாள். எழுத்து மங்கியபோது, நம்பர் பிளேட் எழுதுகிற ஆளைக் கூட்டி வந்து எழுத வைத்தாள். அவர் கைப்பழக்கம் போகுமா? வெள்ளை அடித்து, கட்டை கட்டையான கறுப்பு எழுத்தில், தூரத்திலிருந்தே போலீஸ்காரர் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார். இரவில் ஏதாவது லாரி வந்து இடித்துவிடக் கூடாதே என்று அவள் இரண்டு பக்கமும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டினாள். கடைசியில் பார்த்தால், ஒரு குட்டி லாரி மரத்தடியில் பாதி புதைந்து நிற்பது போலிருந்தது. அவளுக்கு அது அழகாகவே பட்டது.

வீட்டில் இது தெரிந்தபோது வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் முதுகுல ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருப்பியா? ஊர் பேர் தெரியாத ஆளுக்கு தினம் குளியல். அதுக்கு மேல பாலிஷ் வேற."

"அவர் சத்தம் போடாம நிக்கிறாரு. நீங்களும் அப்படி நின்னா உங்களுக்கும் போடுறேன்" என்றாள்.

உண்மையில் அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் வாயாடி. வேன் நிறையப் பிள்ளைகள், அவர்களும் வாயாடிகள். பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் போனில் பேச ஆரம்பித்தால் காதைக் கழற்றி வைத்துவிடலாம் போலிருக்கும். இந்த ஒருவர்தான் அவள் பேசும்போது குறுக்கே வருவதில்லை. கழுவிக்கொண்டே பேசுவாள். கிளட்ச் வழுக்குவதைச் சொல்வாள், கட்டிக்கொடுத்த மகள் போன் செய்யாததைச் சொல்வாள், முதுகு வலி என்று புலம்புகிற மனுஷன் கிரிக்கெட் போட்டால் மட்டும் நிமிர்ந்து உட்காரும் அநியாயத்தைச் சொல்வாள். இப்படிப் பேசிப் பேசி அவருக்கு ஓர் உருவமும் வந்துவிட்டது. உயரமான ஆள். ஒல்லி. அதிகம் பேசாதவர். கோபமே வராது. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கிற ஆள். இது எதுவும் கல்லில் எழுதியிருக்கவில்லை, அவளாகவே எழுதிக்கொண்டது.

இந்த நிலையில் சாலையோரத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி புதரையும் கல்லையும் ஒன்றாகவே பார்த்தார். "இதைப் பேத்து எடுங்கப்பா" என்றார். கடப்பாரை எழும்பியது.

பிரேக் அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். யாரோ ஒருவருடைய கல், நான் சும்மா கழுவுகிறேன் என்று சொன்னால் எந்த மேஸ்திரி கேட்பார்? வாயில் வந்தது வந்துவிட்டது. "ஐயோ, தொடாதீங்க! அது எங்க வீட்டுக்காரர் கல்லு!"

மேஸ்திரி தொப்பியைக் கழற்றினார். கடப்பாரை இறங்கியது. கல்லைச் சுற்றி ஒரு முழ இடம் விட்டுத்தான் மண்ணை வெட்டினார்கள். எதிரே பஞ்சர் கடைக்காரர் கையில் டியூபைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அன்றைக்கு அவள் கல்லைப் பற்றி விசாரித்தது இதற்குத்தானா, இத்தனை நாளும் இது தெரியவில்லையே என்று அவருக்கு வருத்தம். அன்றிலிருந்து அவரே வாளியில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார். அவளைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒவ்வொரு நாளும் தோன்றும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் ஒவ்வொரு நாளும் தோன்றும். இலவசமாகக் கிடைக்கிற மரியாதையை யார் சீக்கிரம் திருப்பிக் கொடுப்பார்கள்?

வீட்டுக்காரரிடம் மட்டும் மறைக்காமல் சொன்னாள். அவர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "அப்போ நான் யாரு? ஆவியா?"

"ஆவிக்கு எதுக்கு இவ்வளவு சாப்பாடு?" என்று அவர் தட்டிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டாள்.

இப்படியே வருடங்கள் போயின. ஒருநாள் காலை, அவள் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வயதான அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி பஞ்சர் கடைப் பக்கம் போவது கண்ணாடியில் தெரிந்தது. கையில் துணிப்பை. கடைக்காரரிடம் ஏதோ கேட்டார். கடைக்காரர் வேனைக் கைகாட்டி, நெஞ்சில் கைவைத்து, நீளமாக ஏதோ சொன்னார். அந்த அம்மா அப்படியே நின்றார். பிறகு ரோட்டைக் கடந்து நேராகக் கல்லிடம் வந்தார்.

கல்லைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். ரிஃப்ளெக்டரைப் பார்த்தார். பையைத் திறந்து, ஒரு பிரஷ்ஷையும் தண்ணீர் பாட்டிலையும் பழைய துணி ஒன்றையும் எடுத்து, எதற்கும் வேலையில்லாமல் திரும்ப உள்ளே வைத்தார்.

"நீதான் கழுவுறியா?" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் அது மரியாதைக்காகத் தாழ்த்திய குரல் இல்லை.

"ஆமாம்மா."

"உன் வீட்டுக்காரர்னு அந்த ஆள் சொல்றாரு."

பிரேக் அக்கா துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். யார் வந்திருக்கிறார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது என் வீட்டுக்காரர்" என்றார் அந்த அம்மா. "பதினெட்டு வருஷமா ஒரே ஒரு கேள்வியை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இந்த ரோட்டுல அவருக்கு என்ன வேலை? தையல் மெஷின் ரிப்பேர் பண்றவரு. வாடிக்கை எல்லாம் ஊருக்கு அந்தப் பக்கம். அன்னைக்கி டூல்ஸ் பெட்டி வீட்டுலயே கிடந்துச்சு. இந்தப் பக்கம் எங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒரு ஆள் கிடையாது. அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன், இன்னைக்கி வரைக்கும்." கண் கல்லிலிருந்து நகரவில்லை. "எத்தனை வருஷப் பழக்கம்?"

பிரேக் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மிச்சத் தண்ணீர், புதர், கடப்பாரை, வாயில் வந்த பொய். தன் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதையும், இந்த நேரத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார் என்பதையும்கூடச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. ஒருவரைத் தெரியும் என்பதற்குச் சாட்சி கொண்டுவரலாம். தெரியவே தெரியாது என்பதற்கு யாரைக் கொண்டுவருவது? முன்பின் பார்க்காத ஆளின் கல்லுக்கு எந்தப் பெண் வருடக்கணக்கில் பாலிஷ் போடுவாள்? அவளே இன்னொருத்தியைப் பற்றி இந்தக் கதையைக் கேட்டிருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பாள்.

அந்த அம்மா வேலையிலிருந்தபோது டெலிபோன் எக்சேஞ்சில் இருந்தவர். முகம் தெரியாத குரல்களைக் கேட்டே காலத்தைக் கழித்தவர். இடையில் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கேட்டார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் தரையில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார்.

"கல்லு வச்சது என் கொழுந்தன். அவன் போனப்புறம் இதைப் பார்க்க ஆள் இல்ல. என்னால இந்த ரோட்டுக்கு வர முடியல, பையனோட வேற ஊருக்குப் போயிட்டேன். இப்போ பையன் இன்னும் தூரமாக் கூட்டிட்டுப் போறான். அதான் ஒரு தடவை பார்த்துடலாம்னு சொல்லாம கொள்ளாம கிளம்பி வந்தேன். குப்பையாக் கிடக்கும், கழுவிட்டுப் போகலாம்னு." பிரேக் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "சரி. ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லாத. அவர் எப்படி இருப்பாரு?"

"நான் பார்த்ததே இல்லம்மா."

"மனசுல ஒரு ஆள் இருப்பாருல்ல? இத்தனை வருஷமா வெறும் கல்லையா கழுவுன? சொல்லு."

பிரேக் அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புருஷனிடம்கூடச் சொல்லாத விஷயம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நல்ல உசரமா இருப்பாரு. ஒல்லியா. அதிகம் பேச மாட்டாரு. யார் என்ன சொன்னாலும் பொறுமையாக் கேப்பாரு. கோவம் வராது. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வச்சிருவாரு."

முதலில் ஒரு சத்தம்தான் வந்தது. அழுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அழவும் செய்தார். எது எங்கே முடிந்து எது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது.

"உசரமா! என் தோளுக்கு வருவாரு, அதுவும் செருப்பு போட்டா. அதிகம் பேச மாட்டாரா? மெஷின்ல நூல் கோக்குறதுக்குள்ள அந்த வீட்டுக் கதை மொத்தத்தையும் கேட்டு, நம்ம வீட்டுக் கதை மொத்தத்தையும் சொல்லிட்டு வந்துருவாரு. ராத்திரி தூக்கத்துலயும் பேச்சு. கதவைச் சாத்துனா கதவுகிட்ட பேசுவாரு. தட்டாவது, கழுவுறதாவது! தட்டுலயே கை கழுவிட்டுப் போற ஜென்மம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரை ஒரு நிமிஷம் பார்த்தவங்ககூட அதிகம் பேச மாட்டாருன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க அவரைப் பார்த்ததே இல்லம்மா."

நீ போய் நீங்க வந்துவிட்டது. பிரேக் அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது. ஒல்லியான, உயரமான, குறுக்கே பேசாத ஒரு மனிதர் இந்த வளைவில் இப்போதுதான் செத்துப்போயிருந்தார். அவருக்காக அழ முடியாது, அவர் இருந்ததே இல்லை.

பஞ்சர் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டு பெண்டாட்டிகளும் சமாதானமாகிவிட்டார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகத்தில் அத்தனை நிம்மதி. அவருக்கு விளக்கம் சொல்லும் தெம்பு இருவருக்குமே இல்லை.

"என்ன இது, லாரிக்கு மாதிரி?" அந்த அம்மா ரிஃப்ளெக்டரைத் தொட்டுப் பார்த்தார்.

"ராத்திரில தெரியணும்னு ஒட்டினேன். வேண்டாம்னா எடுத்துடறேன்மா."

"இருக்கட்டும். இதைப் பார்த்திருந்தா அவரு ஒரு மணி நேரம் பேசியிருப்பாரு." டீயை இரண்டு வாய் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது. "ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. நீங்க அவளா இருந்திருக்கலாம்."

பிரேக் அக்காவுக்குப் புரியவில்லை.

"அந்த ஆளு சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. ஆனா ரோட்டைத் தாண்டி வர்ற அந்தக் கொஞ்ச நேரத்துல, கடைசில ஒரு ஆள் கிடைச்சிட்டாங்கன்னும் இருந்துச்சு. திட்டியிருப்பேன். கையை நீட்டியிருந்தாலும் நீட்டியிருப்பேன். அப்புறம் உட்கார வச்சிக் கேட்டிருப்பேன், அன்னைக்கி அவர் என்ன பேசிக்கிட்டிருந்தாருன்னு. விடிஞ்சதுலருந்து படுக்குற வரைக்கும் வாய் மூடாத மனுஷன். அவரு கடைசியா என்ன பேசுனாரு, யாருகிட்ட பேசுனாரு, எனக்குத் தெரியாதும்மா. எந்தச் சிறுக்கிக்காவது தெரிஞ்சிருந்தாக்கூடப் போதும்னு ஆயிடுச்சு."

இத்தனை வருடம் அந்தக் கல்லிடம் பிரேக் அக்கா கொட்டித் தீர்த்திருக்கிறாள். அதனிடமிருந்து ஒரு வார்த்தை அவளுக்கும் கிடைத்ததில்லை. இருந்திருந்தால் இப்போது அப்படியே எடுத்து இந்த அம்மாவின் கையில் கொடுத்திருப்பாள். நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், அதுதான் அவளால் முடிந்தது.

அந்த அம்மா பையிலிருந்து பிரஷ்ஷை மறுபடி எடுத்தார். பளபளவென்று இருந்த கல்லில் தேய்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் தேய்த்தார். பெயரைத் தேய்த்தார், தேதியைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, வீட்டுக்குள்ளிருந்து கூடத்தில் இருக்கிறவரைக் கேட்கிற குரலில் கேட்டார். "எங்க போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? வாய்தான் அவ்வளவு இருக்கே?"

பாலத்தில் ஒரு லாரி ஏறி இறங்கிப் போனது. மழலை வகுப்பு விடும் நேரமாகிவிட்டது. போக்குவரத்துப் பொறுப்பாளர் போன் செய்தார். பிரேக் அக்கா அதை அணைத்துவிட்டு, அந்த அம்மா தேய்த்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு அவரை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு பிள்ளைகளை எடுக்கப் போனாள். வழியெல்லாம் அந்த அம்மா தன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பின்னால் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. காதில் விழுந்த பாதியிலேயே பிரேக் அக்காவின் மனசில் இருந்த பழைய ஆள் முழுக்கக் கலைந்துபோய், குள்ளமாக, தொணதொணவென்று ஒருவர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். பஸ் நிலையத்தில் இறங்கும்போது, "என்னால இனிமே வர முடியுமான்னு தெரியாது" என்றார் அந்த அம்மா. "நான் இருக்கேன்மா" என்றாள் இவள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள். வீட்டுக்காரர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். ரேடியோவோடு போட்டி போட்டுக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டும் இருந்தார்.

"இங்க பாருங்க. இனிமே எங்க போறதா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்."

அவர் கரண்டியை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த முதுகை வச்சிக்கிட்டு நான் எங்கடி போகப் போறேன்? மிஞ்சிப்போனா பாத்ரூமுக்கு."

"அதுக்கும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.